முடிச்சில்லாத சம்மனசு

கங்கையம்மாளுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. பெரிய காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்கிற எந்தத் தெருவில் விசாரித்தாலும் இதைச் சொல்வார்கள். குறையாகச் சொல்வதில்லை. பாவு பிணைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

மூன்று புடவை நெய்து, பாவு என்கிற நெடுக்கு நூல் தீர்ந்ததும், தறியில் பழைய இழைகளின் நுனி கொஞ்சம் மிச்சம் நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டு இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. முடிச்சுப் போட்டால், இழைகள் நுழைந்து வருகிற சீப்பு மாதிரியான அச்சின் பல்லில் மாட்டி அறுந்துபோகும். அதனால் முறுக்குதான், முடிச்சு கூடவே கூடாது. ஒன்பது வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, "முடிச்சு போட்டே, வெரல ஒடிச்சிடுவேன்" என்று சொன்ன நாளிலிருந்து கங்கையம்மாள் முடிச்சையே தொடவில்லை. கட்டின பூவைத்தான் வாங்குவாள். கோணிப்பை வாயைச் சொருகித்தான் வைப்பாள். "பாவாட நாடா எப்படிம்மா நிக்குது?" என்று அவள் புருஷன் கோதண்டபாணி ஒரு தரம் கேட்டுவிட்டு, அன்று முழுதும் காப்பித் தண்ணி கிடைக்காமல் தறியில் உட்கார்ந்திருந்தார்.

தெருப் பெண்கள் கேலி செய்தால் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. "போடுவேன்மா, ஒரே ஒரு முடிச்சு போடுவேன். எந்தம்பி கல்யாணத்துல போடுவேன். அதுக்குன்னு வெச்சிருக்கேன்."

அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலிக்கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவான். மூன்றாவது முடிச்சு அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டியது. நாத்தனார் முடிச்சு என்பார்கள். கங்கையம்மாளுக்குப் பதினேழு வயதில் கல்யாணமான சூட்டோடு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று வயதுத் தம்பி பூவராகவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் அவள் புருஷன் வீட்டுக்குள் நுழைந்தாள். கோதண்டபாணி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல மனுஷர். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. எல்லாம் தம்பிதான். அந்த ஒரு முடிச்சை அவள் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருப்பாள், சொல்ல வேண்டுமா?

பூவராகவனுக்குத் தறியில் மனம் ஒட்டவில்லை. மாகறல் போகும் பஸ்ஸில் கண்டக்டராகப் போனான். செவிலிமேட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த லில்லி தினமும் அந்த பஸ்ஸில் ஏறினாள். மீதியைச் சொல்லவும் வேண்டுமா? ஒரு நாள் வந்து, "அக்கா, மாதா கோயில்ல கல்யாணம். நீ வரணும்" என்றான்.

"என்னைக் கேட்டு முடிவு பண்ணியாடா?" என்றாள் அவள்.

"இப்ப கேக்கறேன்."

"முடிச்சிட்டு வந்து கேக்கறியா? போ. இனிமே என் வாசப்படி ஏறாத."

கல்யாணத்தன்று அவள் வேறொருவர் வீட்டில் பாவு பிணைக்கப் போய்விட்டாள். அன்று பிணைத்த பாவு மூன்று புடவையும் முடிகிறவரை அறுந்துகொண்டே இருந்ததாம். அந்த வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை, விஷயம் தெரிந்தவர்.

பூவராகவன் அக்கா சொல்லை ஒரே ஒரு விஷயத்தில்தான் மீறினான். மற்றதிலெல்லாம் அவள் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். வாசப்படி ஏறாதே என்றாள், அவன் ஏறவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. காலையில் பத்தேகாலுக்கு அவன் பஸ் தெருமுனையில் நிற்கும், அவன் விசில் கேட்கும். மற்ற கண்டக்டர்கள் ஒரு விசில் கொடுக்கிற இடத்தில் அவன் இரண்டு கொடுப்பான். கங்கையம்மாள் கை ஒரு இழையில் நின்று, பிறகு நகரும். இதைக் கோதண்டபாணி பார்த்திருக்கிறார். பார்த்தும் பார்க்காததுபோல் தறி மிதிப்பார்.

அறுபத்தொன்பதாம் வருஷம், கார்த்திகை கடைசி. விடாத மழை கொஞ்சம் விட்ட ஒரு மத்தியானம், லில்லி குடையும் பையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள வரலாமா அண்ணி?"

"வந்துதான் நிக்கிறியே" என்றாள் கங்கையம்மாள்.

"வாம்மா, வா" என்றார் கோதண்டபாணி தறியிலிருந்து. கங்கையம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

கங்கையம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், சேறு பட்ட புடவைக் கரையைப் பார்த்தாள். கழுத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே தன் முடிச்சு இல்லாத கயிறு தெரியும்.

லில்லி பையிலிருந்து வெள்ளை மல்லுத் துணியையும் ஒரு பொட்டலம் இலவம் பஞ்சையும் ஒரு படத்தையும் எடுத்து வைத்தாள். சங்கதி இதுதான்: கிறிஸ்துமஸுக்குச் செவிலிமேட்டு மாதா கோயிலில் குடில் வைப்பார்கள். இயேசு பிறந்த மாட்டுக் கொட்டகையை வைக்கோலும் மண்பொம்மையுமாக ஜோடித்து, அதற்கு மேலே ஒரு சம்மனசை, அதாவது தேவதூதன் பொம்மையை, பறக்க விடுவார்கள். பதினைந்து வருஷமாக இருந்த பழைய சம்மனசைத் தூசி தட்டும்போது லில்லி கை தவறிப் போட்டு உடைத்துவிட்டாள்.

"ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க அண்ணி. நேத்து வந்தவ ஒடச்சிட்டாங்கறாங்க. நான் பொறந்து ஞானஸ்நானம் வாங்கினதே அந்தக் கோயில்லதான். ஆனா இவரக் கட்டினதுலேருந்து நான் நேத்து வந்தவதான்."

கங்கையம்மாள் படத்தை எடுத்துப் பார்த்தாள். தங்க நிறத் தலைமயிர், வெள்ளை அங்கி, இரண்டு சிறகு.

"இதுதான் சம்மனசா? ஆம்பளயா பொம்பளயா?"

"ரெண்டும் இல்ல அண்ணி. வானத்துலேருந்து சேதி கொண்டாறவங்க."

"அப்ப ரவிக்க தைக்கணுமா வேணாமா, அதச் சொல்லு."

தறியில் கோதண்டபாணி சிரித்துவிட்டார். லில்லிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"ஏன், ஊர்ல டெய்லருங்க இல்ல?"

"கேட்டேன். பொம்மையெல்லாம் தைக்க மாட்டேன்னுட்டாங்க. இவருதான் சொன்னாரு, எங்க அக்கா துணியில பொம்மை தைச்சா அதுக்கு உசுரு இருக்கும்னு. சின்ன வயசுல ஜொரம் வந்தா நீங்க தைச்சுக் குடுப்பீங்களாமே."

கங்கையம்மாள் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவன் சொன்னானா? அவன் வாயாலயா?"

"ஆமா அண்ணி."

"வெச்சிட்டுப் போ. தைச்சு வெக்கறேன். வந்து வாங்கிக்கினு போவச் சொல்லு."

"யார அண்ணி?"

"யாரோ வரட்டும், எனக்கின்னா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். லில்லிக்குப் புரிந்தது. கோதண்டபாணிக்கும் புரிந்தது. தம்பி வர வேண்டும். அவளாகக் கூப்பிட மாட்டாள், சொன்ன சொல்லையும் திரும்ப எடுக்க மாட்டாள். ஆனால் பொம்மையை வாங்கிப் போகிற சாக்கில் அவன் படி ஏறிவிட்டால் போதும்.

நாலு மத்தியானம் தைத்தாள். பழைய நியூஸ் பேப்பரில் உடம்பை வரைந்து வெட்டி, அதைத் துணிமேல் வைத்து ஓரம்விட்டு இரட்டையாக வெட்டினாள். உள்பக்கம் வெளியே இருக்கத் தைத்து, முதுகில் மட்டும் நாலு விரல் இடம் விட்டு, அது வழியாகப் பொம்மையைப் புரட்டி எடுத்தாள். கை விரல் நுனிவரை பஞ்சு போக வேண்டுமே, விளக்குமாற்றுக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தாள். கழுத்துத் தொங்காமல் இருக்க அங்கே மட்டும் பட்டுக் கழிவை உருட்டி வைத்தாள். கண்ணுக்குக் கறுப்பு இழை, உதட்டுக்கு அரக்கு இழை. தலைமயிர்தான் மூன்று தரம் பிடிக்காமல் பிரித்தாள். கடைசியில் தறியடியில் கிடந்த சரிகைத் துண்டுகளைப் பொறுக்கி, சுருள் சுருளாக வைத்துத் தைத்ததும், பொம்மை சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. சிறகுக்குள் தென்னங்குச்சி நரம்பு வைத்து, சோற்றுக் கஞ்சி தடவி, பாவு காய்கிற மாதிரி விறைப்பாகக் காய வைத்தாள். மழை ஈரத்தில் காய மறுத்தது. அடுப்பு மேட்டில் வைத்து, எறும்பு வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள்.

முதுகை மூடித் தைத்து முடித்தபோது கோதண்டபாணி எட்டிப் பார்த்தார். "முடிச்சு போட்டியா?"

"என் கையப் பாத்தா இந்தக் கேள்வி கேக்கற?"

"இது பாவு இல்லியேம்மா."

"நாலாயிரம் இழை நிக்குது, நாலு விரக்கடை தையல் நிக்காதா? போய்யா, வேலையப் பாரு."

ஒவ்வொரு நூலும் தீர்ந்த இடத்தில், சாம்பலைத் தொட்டு, அடுத்த நூலோடு அழகாக முறுக்கி விட்டிருந்தாள். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் தெரியாது.

வாங்கிப் போகிற நாளில் காலையிலேயே தலைக்குக் குளித்து, வாசலைக் கூட்டி, ரவா கேசரி கிளறி மூடி வைத்தாள். பூவராகவனுக்குக் கேசரி என்றால் உயிர். பத்தேகாலுக்கு பஸ் வந்து நின்றது. விசில் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். காக்கிச் சட்டை படிக்கட்டிலேயே நின்றது. லில்லிதான் இறங்கி வந்தாள்.

லில்லி பொம்மையைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அண்ணி! இது அந்தப் படத்தவிட அழகு."

கங்கையம்மாள் காதில் அது விழவே இல்லை. "பஸ்ஸு நிக்குது, போ" என்றாள். கேசரியைக் கோதண்டபாணிதான் தின்றார். ருசி தெரியாமல் தின்றேன் என்று பின்னால் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, கங்கையம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க?"

"செவிலிமேட்டுப் பக்கம். ஒரு வேல."

"அங்க ஏது தறி?"

"இருக்கும், தேடினா."

தம்பியின் பஸ்ஸில் ஏறக் கூடாதென்று நடந்தே போனாள். வழியெல்லாம் மனசுக்குள் நியாயம் பேசிக்கொண்டு போனாள். மாதா கோயில் அவன் வீடு இல்லையே! தான் தைத்ததைத் தான் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கோயில் ஜன்னல் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் கொட்டகை, மண் மாடு, மண் ஆடு. மேலே, மெல்லிய கயிற்றில், அவளுடைய சம்மனசு. சரிகைத் தலை விளக்கில் மின்னிக்கொண்டு, சிறகை விரித்து, ஆடாமல் அசையாமல் மிதந்தது. முப்பத்தைந்து வருஷமாக அவள் பிணைத்ததெல்லாம் யாரோ நெய்து யாரோ கட்டிக்கொண்டு போனது. இது முழுசாக அவள் கையில் தொடங்கி அவள் கையில் முடிந்தது. பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு பூவராகவன் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அதையும் பார்த்தாள்.

அப்போதுதான் காற்று அடித்தது. பலமான காற்றுகூட இல்லை, சும்மா ஒரு மழைக்காற்று. சம்மனசு ஒரு சுற்றுச் சுற்றியது. கயிறு தைத்திருந்த முதுகில் ஒரு துளி வெள்ளை எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு சிறகு சரிந்தது. பிறகு முதுகு முழுதும் வாயைப் பிளந்தது. இலவம் பஞ்சு பொலபொலவென்று கொட்டி, மாட்டின் முதுகிலும் பிள்ளைகள் தலையிலும் இறங்கியது. பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டு ஊதி ஊதித் துரத்தினார்கள். ஒருவன் தும்ம, இன்னும் நாலு பேர் தும்மினார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாள் உரக்கச் சொன்னாள்: "அந்தச் சம்மனச ஒடச்சா, இந்தச் சம்மனச கிழிச்சா. இவ கை பட்டா வெளங்குமா?"

லில்லி குடிலுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தைத்தது யார் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கங்கையம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை. செருப்பை எந்தப் பக்கம் உதறினாளோ, விடுவிடுவென்று உள்ளே நடந்தாள்.

"அவள ஏன்மா பேசற? தைச்சவ நான். கேக்கறத என்னக் கேளு. இவ நாத்தனா நான்."

பூவராகவன் முக்காலியிலிருந்து இறங்கவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் திகைத்துப்போனான்.

"பாத்துக்கினே நிக்கிறியே, எறக்குடா அத. பஞ்சப் பொறுக்கு. ஊசி இருக்குதா?" என்றாள் கங்கையம்மாள். நாலு வருஷத்துக்கப்புறம் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு இது.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பூவராகவன் பஞ்சைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தான். அவள் திணித்தாள்.

"உன் பொம்ம எதுதான்கா பிரியாம இருந்துது?" என்றான் அவன் மெதுவாக. "சின்ன வயசுலயே நாலு நாள்ல தல கழண்டுடும். நீ மறுபடி தைப்ப."

"வாய மூடு" என்றாள்.

ஒரு பக்கம் தைத்து நூல் தீர்ந்தது. விரல் தானாக முறுக்கப் போனது. நிறுத்தினாள். முடிச்சுப் போடப் பார்த்தாள், அவிழ்ந்தது. மறுபடி போட்டாள், நூல்தான் சிக்கியது. நாலாயிரம் இழையை ஒரு மத்தியானத்தில் பிணைக்கிற விரல்கள் இந்தச் சின்ன வேலைக்குத் தடுமாறின.

எதிரே லில்லி குனிந்து, தரையில் சிதறிய மிச்சப் பஞ்சை வாரிக்கொண்டிருந்தாள். முந்தானை விலகி, பின்கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது. கங்கையம்மாள் இழை எண்ணியே வயசானவள். எண்ணாமல் இருக்க அவளால் முடியாது.

"ஏம்மா, இதுல இன்னா ரெண்டுதான் இருக்குது?"

லில்லி நிமிராமலே சொன்னாள். "ரெண்டோட நிறுத்திட்டாரு அண்ணி. மூணாவது எங்க அக்காவோடது, நான் போட மாட்டேன்னாரு. கோயில் சாமியார்கூட, 'சரி, வர்றப்ப போடட்டும்'னாரு. கயிறு மாத்தறப்ப எல்லாம் ரெண்டுதான் போடுவாரு."

கயிற்றின் இரண்டு நுனியும் ஒரு விரல் நீளத்துக்கு மிச்சம் விட்டிருந்தது. மூன்றாவது முடிச்சுக்கான இடம். கங்கையம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று சம்மனசின் முதுகில் விழுந்தது. உடனே கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"நாலு வருசமாவா? அடிப்பாவி, நாலு வருசமா ரெண்டு முடிச்சோடவா திரிஞ்சிக்கினு இருந்த? கெணத்தடியில அவுந்து வுழுந்திருந்தா இன்னாடி பண்ணியிருப்ப? ஏன்டா, ஒனக்குப் புத்தி இருக்குதா? நான் பிடிவாதக்காரின்னா நீயுமா?"

பூவராகவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போட்டுடுங்க அண்ணி" என்றாள் லில்லி, கழுத்தைத் திருப்பிக் காட்டி.

கங்கையம்மாள் கையை நீட்டினாள். கயிற்று நுனியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"இரு, இரு. என் கைக்கு வரமாட்டேங்குது. மொதல்ல இதுல பழகிக்கறேன்."

சம்மனசை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு, முதுகுத் தையல் நெடுக முடிச்சுப் போட ஆரம்பித்தாள். முதல் முடிச்சு கோணல். இரண்டாவது அவிழ்ந்தது, மறுபடி போட்டாள். ஐந்தாவதில் இறுக்கம் வந்தது. ஒன்பதாவதைத் தம்பியிடம் நீட்டி, "இழுத்துப் பாரு" என்றாள். இழுத்தான், அசையவில்லை. அந்தச் சம்மனசு அதற்குப்பின் எத்தனையோ கிறிஸ்துமஸுக்குப் பறந்தது. அந்த முதுகு மட்டும் பிரியவே இல்லை.

சாம்பல் ஏறிய விரல்களைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு, லில்லியின் பின்கழுத்தில் இரண்டு நுனிகளையும் எடுத்தாள். முறுக்கவில்லை. முடிச்சாகவே போட்டாள். இறுக்கிவிட்டு, "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி."

பூவராகவன் சின்னப் பையன் கேட்கிற மாதிரி கேட்டான்: "அக்கா, நாளைக்கு நாங்க வீட்டுக்கு வரலாமா?"

கங்கையம்மாள் ஊசியை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டு அவனை முறைத்தாள்.

"ஒன்ன எவன்டா வராதன்னான்?"